‘ரெப்’ ஆனவர்களுக்கும் ஆகப்போகிறவர்களுக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி திறந்த கையோடு வந்த கடிதங்களில் ‘ரெப்’ (மாணவர் பிரதிநிதி) உள்ளிட்ட மாணவர் பொறுப்புகள் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

பி.எஸ்சி. முதலாண்டு மாணவி, விருதுநகர்: என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை), யூத் ரெட் கிராஸ், ரெட் ரிப்பன் கிளப் என்று ஒரு படிவம் கொடுத்து, ஏதாவது ஒன்றில் டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். “என்.எஸ்.எஸ்.னா சனிக்கிழமை புல்லு புடுங்குறதுதான்” என்கிறார்கள் சீனியர்கள். எதில் சேரலாம்?

டிக் அடிப்பதற்கு முன் பஸ் நேரத்தைப் பாருங்கள். என்.சி.சி. என்றால் வாரந்தோறும் பரேடு உண்டு. பல கல்லூரிகளில் அது வகுப்புக்கு முன், காலையிலேயே நடக்கும். உங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் அந்த நேரத்துக்குக் கொண்டுவந்து விடாது என்றால், ஆசை எவ்வளவு இருந்தாலும் இரண்டாவது மாதமே வருகைப்பதிவு விழத் தொடங்கும். ஆண்டுக்கு 75 சதவீதப் பரேடு வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. இரண்டாம் ஆண்டு முடிவில் ‘பி’ சான்றிதழ்த் தேர்வு, மூன்றாம் ஆண்டில் ‘சி’ சான்றிதழ்த் தேர்வு. இடையில் முகாம்களுக்கும் போயிருக்க வேண்டும். ‘பி’ இல்லாமல் ‘சி’ கிடையாது. அரியருக்குப் பயந்து இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கையில் எஞ்சுவது யூனிஃபார்ம் போட்ட போட்டோ மட்டும்.

முழுதாக முடித்தால் பலன் பெரிது. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், ராணுவத்தின் என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி திட்டத்தில் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி. எனப்படும் ராணுவ அதிகாரி தேர்வு நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் இது உண்டு. வயது 19 முதல் 25 வரை, திருமணமாகியிருக்கக் கூடாது. தேர்வானவர்களுக்குப் பயிற்சி சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில். ராணுவம் வேண்டாம் என்பவர்களுக்கும், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இந்தச் சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது.

இனி புல் விஷயம். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய என்.எஸ்.எஸ்.ஸுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம். அந்த 120-ல் அறிமுகப் பயிற்சிக்கு 20, கல்லூரி வளாக வேலைக்கு 30, மீதி 70 வெளியே, மக்களிடம். சனிக்கிழமைதோறும் வளாகத்தையே சுத்தம் செய்துகொண்டிருந்தால் அந்த 30 சீக்கிரமே தீர்ந்துபோகும். 70 காலியாகவே கிடக்கும். புரோகிராம் ஆபீஸரிடம் “எங்கள் 70 மணி நேரம் எந்த ஊரில், எப்போது?” என்று பணிவாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

240 மணி நேரத்தோடு 7 நாள் சிறப்பு முகாமும் முடித்தால்தான் சான்றிதழ். ஒரு யூனிட்டில் சாதாரணமாக 100 பேர். ஓராண்டு முகாமுக்கு அதில் பாதிப் பேரைத்தான் அழைத்துப்போவார்கள். “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று விட்டவர்கள் இரண்டாம் ஆண்டில் இடம் கிடைக்காமலோ, வீட்டுக் கல்யாணம் குறுக்கே வந்தோ முகாமைத் தவறவிடுகிறார்கள். முதல் ஆண்டிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். முகாம் கிராமத்தில் தங்குவது. போர்வை, தட்டு, டம்ளர், டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இவற்றோடு வீட்டாரின் சம்மதக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் பஸ் ஏறுமிடத்தில் திரும்பிப்போகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

யூத் ரெட் கிராஸ், ரெட் ரிப்பன் கிளப் இரண்டுக்கும் நேரம் குறைவாகப் போதும். ரத்ததானம், முதலுதவி, எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று ஆண்டுக்குச் சில நிகழ்ச்சிகள். பகுதி நேர வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு ஏற்றது. ராணுவம், காவல்துறை என்று மனதில் தீர்மானம் இல்லையென்றால், எங்கள் ஓட்டு என்.எஸ்.எஸ்.ஸுக்கே.

எதில் சேர்ந்தாலும் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, இடம், செய்த வேலை, மணி நேரம் என்று நான்கு பத்தி போட்டு எழுதி, மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். புரோகிராம் ஆபீஸர் மாறும்போது பழைய பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடும் வேலை மிச்சம்.

ஒரு தந்தை, தாராபுரம்: இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் சிம்போசியம் (துறைகள் நடத்தும் மாணவர் போட்டி நிகழ்ச்சி), கல்ச்சுரல்ஸ் என்று ஊர் ஊராகப் போகிறான். கேட்டால் “ஓ.டி. இருக்குப்பா” என்கிறான் (ஆன் டியூட்டி, கல்லூரி அனுமதியோடு வெளியே போவது). அட்டெண்டன்ஸ் பிரச்சினை வராதா?

வரலாம். ஆனால் உங்கள் மகன் நினைக்கும் இடத்தில் வராது. ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச வருகையான 75 சதவீதத்துக்கு 68 நாள் வேண்டும். 22 நாள் விடலாம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பையன்கள் தைரியமாக இருக்கிறார்கள்.

சிக்கல் பாட வாரியாகப் பார்க்கும்போது வருகிறது. சிம்போசியங்கள் பெரும்பாலும் வியாழன், வெள்ளியில்தான் நடக்கும். அவருக்கு லேப் வெள்ளிக்கிழமை மட்டும் என்றால், 15 வாரத்தில் 15 லேப். நான்கு வெள்ளி போனால் 11 நாள்தான் வருகை, 73.3 சதவீதம். மொத்த வருகை 90 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் அந்த லேபில் மாட்டிக்கொள்வார். பாட வாரியாக வருகை பார்க்கும் கல்லூரியா, மொத்தமாகப் பார்க்கும் கல்லூரியா என்பதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது, ஓ.டி.யை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. சில கல்லூரிகளில் அது வந்ததாகவே பதிவாகும். சிலவற்றில் வராததாகத்தான் பதிவாகும். செமஸ்டர் முடிவில் 75-க்குக் கீழே போனவர்களுக்கு மட்டும் ஓ.டி. கடிதத்தைப் பார்த்துத் தளர்வு தருவார்கள். இந்த இரண்டாவது முறையில் கடிதம் கையில் இல்லையென்றால் போனது போனதுதான். போவதற்கு முன் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். வந்த மறுநாளே பங்கேற்புச் சான்றிதழ் நகலை இணைத்து கிளாஸ் அட்வைசரிடம் ஒப்படைப்பு. இந்த இரண்டையும் மகன் செய்கிறாரா என்று மட்டும் பாருங்கள். செய்கிறார் என்றால் ஊர் சுற்றுவதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். செமஸ்டருக்கு மூன்று நான்கு நிகழ்ச்சி போதும் என்று ஒரு வரம்பு பேசிக்கொள்ளுங்கள்.

பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர், சேலம்: டிபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு செகரட்டரி ஆக்கிவிட்டார்கள். ஏழு வாரத்தில் சிம்போசியம். ஒரு லட்சத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார் எச்.ஓ.டி. போன வருஷ ஆபீஸ் பேரர்கள் எதையும் எழுதிவைக்காமல் போய்விட்டார்கள். எங்கே தொடங்குவது?

தேதியிலிருந்து தொடங்குங்கள். இன்டர்னல் டெஸ்ட் அட்டவணை, பக்கத்துக் கல்லூரிகளின் சிம்போசியத் தேதி, உள்ளூர்த் திருவிழா மூன்றையும் பாருங்கள். நாலாவதாகப் பஞ்சாங்கம். சிரிக்க வேண்டாம், பெரிய முகூர்த்த நாளில் கேட்டரிங்காரரும் கிடைக்கமாட்டார், வேனும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை வேறு.

தேதி முடிவானதும் எச்.ஓ.டி. வழியாக முதல்வருக்கு ஒரே ஒரு கடிதம். தேதி, நேரம், அரங்குகள், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, வரவு செலவுத் திட்டம், பொறுப்பாசிரியர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்தான கடிதத்தை ஆறு நகல் எடுத்து எலெக்ட்ரீஷியன், செக்யூரிட்டி, ட்ரான்ஸ்போர்ட், கேன்டீன், லேப் பொறுப்பாளர், அலுவலகம் என்று கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து பெறுங்கள். “எங்களுக்கு யாரும் சொல்லவில்லை” என்ற வசனம் நிகழ்ச்சி நாளன்று காலை எட்டரை மணிக்குத்தான் வரும். ஆடிட்டோரியத்தை வாய்மொழியாகப் பேசிவைக்காதீர்கள். பதிவேட்டில் உங்கள் கையால் எழுதுங்கள்.

300 பேர் வருவதாக வைத்து ஒரு லட்சத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு தருகிறோம். விலைகளை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வரவு: பதிவுக் கட்டணம் தலைக்கு 200 வீதம் 60,000, அசோசியேஷன் நிதி 25,000, ஸ்பான்சர் 15,000. செலவில் பெரியது சாப்பாடு. பங்கேற்பாளர் 300, வாலன்டியர் 60, ஆசிரியர்களும் விருந்தினரும் 20, ஆக 380 பேருக்கு 110 ரூபாய் வீதம் 41,800. டீ, பிஸ்கட் 9,500. பரிசு எட்டு ஈவென்ட்டுக்கு முதல் பரிசு 1,000, இரண்டாம் பரிசு 500 வீதம் 12,000. நோட்பேடு, பேனா, அடையாள அட்டைக்கு 9,000. விருந்தினர் பயணம், பொன்னாடை, மெமென்டோ 6,000. ஃப்ளெக்ஸும் போஸ்டரும் 5,000. சான்றிதழ் 350-க்கு 12 ரூபாய் வீதம் 4,200. பேப்பர், மார்க்கர், டேப் போன்ற சில்லறை 2,500. எதிர்பாராததற்கு 10,000. கூட்டினால் சரியாக ஒரு லட்சம். ஸ்பான்சர் வராவிட்டால் முதலில் வெட்ட வேண்டியது நோட்பேடும் பேனாவும். சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். ஈவென்ட் சுமாராக இருந்ததை மறந்துவிடுவார்கள், மதியம் ரெண்டு மணிக்குச் சாதம் தீர்ந்துபோனதை மறக்கமாட்டார்கள்.

சாப்பாடு தீர்வதற்குக் காரணம் சமையல்காரர் இல்லை, டோக்கன். டோக்கன் இல்லாமல் விட்டால் பக்கத்து டிபார்ட்மென்ட் நண்பர்கள் எல்லோரும் ‘பங்கேற்பாளர்’ ஆகிவிடுவார்கள். அடையாள அட்டையிலேயே மூலையில் ஒரு டோக்கனைச் சேர்த்து அச்சடித்து, பந்தி வாசலில் கிழித்து வாங்குங்கள். வாலன்டியர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை 12 மணிக்கே சாப்பிட அனுப்புங்கள். பசியோடு நிற்கும் வாலன்டியரிடம் யாராவது வழி கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே அழைப்பிதழும் பதிவுப் படிவமும் வெளியே போய்விட வேண்டும். பணம் கல்லூரிக் கணக்குக்கோ அசோசியேஷன் கணக்குக்கோ மட்டும் போகட்டும். அவசரத்துக்கு ஒரு மாணவரின் ஜிபே எண்ணைப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதில்தான் நட்பும் கெடுகிறது, விசாரணையும் வருகிறது. அவர் ஒரு ரூபாய்கூட எடுத்திருக்கமாட்டார். ஆனால் சொந்தச் செலவும் கட்டணமும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் கலந்து கிடக்கும்போது அதை நிரூபிக்க வழியிருக்காது.

விருந்தினரை இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே அழைத்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எத்தனை நிமிடம் பேச வேண்டும் என்பதையும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தொடக்க விழா 10 மணிக்கு என்று போட்டு 11.15-க்கு முடிந்தால், அன்றைக்கு எல்லா ஈவென்ட்டும் ஒரு மணி நேரம் பின்தங்கும். தூரத்து ஊர் மாணவர்கள் பரிசளிப்புக்கு நிற்காமல் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். தொடக்க விழா மொத்தம் 45 நிமிடம். குத்துவிளக்குக்குத் திரியும் எண்ணெயும் முந்தைய நாளே போட்டு ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். ஃபேன் காற்றில் அணையாமலிருக்க எந்த ஃபேனை நிறுத்த வேண்டும் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஈவென்ட்களைப் பிரிக்கும்போது ஒரு கட்டம் போட்ட தாளில் நேரத்தை மேலேயும் அறைகளைப் பக்கத்திலும் எழுதிப் பாருங்கள். பேப்பர் பிரசன்டேஷனுக்கு ஓர் அணிக்கு 7 நிமிடப் பேச்சு, 3 நிமிடக் கேள்வி. 24 அணி என்றால் 240 நிமிடம், நான்கு மணி நேரம். ஒரே அறையில் முடியவே முடியாது. இரண்டு அறை, இரண்டு நடுவர் குழு. இதைப் பெருக்கிப் பார்க்காமல் விடுவதால்தான் பல சிம்போசியங்களில் கடைசி ஆறு அணிகள் காலி நாற்காலிகளிடம் பேசுகின்றன.

சான்றிதழில் பெயர்ப்பிழை வராதிருக்க, பங்கேற்பாளரே படிவத்தில் தட்டச்சிட்ட பெயரை அப்படியே எடுத்து அச்சிடுங்கள். வாலன்டியர் காதால் கேட்டு எழுதிய பெயரை நம்பாதீர்கள். நேரில் வந்து பதிவு செய்பவர்களுக்காக 50 சான்றிதழைப் பெயர் போடாமல் வையுங்கள். 350 சான்றிதழிலும் முதல்வர் கையெழுத்திட வேண்டுமென்றால் நான்கு நாள் முன்பே கட்டாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். முந்தைய நாள் மாலை போனால் அவர் மீட்டிங்கில் இருப்பார்.

முடிந்தது என்று மூச்சு விடும் நாளில் இன்னொரு வேலை பாக்கி: கணக்கு. முன்பணம் வாங்கியிருந்தால் ஒரு வாரத்துக்குள் பில்களை ஒப்படைத்துத் தீர்த்துவிடுங்கள். தேதி, கடைப்பெயர், பில் எண் இல்லாத துண்டுச்சீட்டை அலுவலகம் ஏற்காது. ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள்: அனுமதிக் கடிதம், திட்டமிட்ட கணக்கு, ஆன கணக்கு, கேட்டரிங், பிரஸ், சவுண்ட் சர்வீஸ் எண்கள், எது சொதப்பியது என்று ஒரு பக்கம். போன வருஷத்தவர்கள் உங்களுக்குச் செய்யாததை அடுத்த செகரட்டரிக்கு நீங்கள் செய்யலாம்.

அதே கல்லூரியிலிருந்து ட்ரெஷரர்: ஸ்பான்சர் யாரிடம் கேட்பது?

பெரிய நிறுவனங்களுக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண். கல்லூரி மாணவர்களால் பிழைக்கும் கடைகளிடம் போங்கள்: பேக்கரி, ஜெராக்ஸ் கடை, பைக் ஷோரூம், கோச்சிங் சென்டர், கல்லூரிச் சம்பளக் கணக்கை வைத்திருக்கும் வங்கிக் கிளை. முதல்வர் ஒப்பமிட்ட கடிதம், எந்தத் தொகைக்கு என்ன தருவோம் என்ற ஒரு பக்கத் தாள் இரண்டும் கையில் இருக்கட்டும். 2,000-க்கு போஸ்டரில் பெயர், 5,000-க்கு ஒரு மேசை போட இடம், இப்படி. கோச்சிங் சென்டர்கள் பணத்துக்குப் பதில் மாணவர்களின் போன் எண் பட்டியலைக் கேட்பார்கள். தரவே கூடாது. வேண்டுமானால் அவர்கள் மேசையில் ஒரு நோட்டு வைக்கட்டும், விருப்பமுள்ளவர் எழுதிக்கொள்வார். வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் பேனர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவுடன் நன்றிக் கடிதம். அடுத்த ஆண்டும் கதவு திறக்கும்.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர், மதுரை: எங்கள் கல்லூரியில் தேர்தலே கிடையாது. ஆசிரியர்கள் பார்த்து ஒருவரைத் தலைவராகப் போடுகிறார்கள். இது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?

மாணவர் தேர்தலுக்கு அடிப்படை லிங்டோ குழு அறிக்கை. கேரளக் கல்லூரித் தேர்தல்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையடுத்து, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. கல்வியாண்டு தொடங்கிய 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல். வேட்புமனு முதல் முடிவு வரை 10 நாள். வேட்பாளர் செலவு வரம்பு 5,000 ரூபாய். இளநிலை மாணவர் என்றால் வயது 17 முதல் 22. அரியர் இருக்கக் கூடாது. 75 சதவீத வருகை. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத இடத்தில் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்ளவும், பிறகு தேர்தலுக்கு மாறவும் அதே அறிக்கை வழி சொல்கிறது. இடைக்கால ஏற்பாடுதான் பல இடங்களில் நிரந்தரமாகிவிட்டது.

ஆனால் தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாணவருக்கென்று விதிப்படி ஒதுக்கிய நாற்காலிகள் கல்லூரிக்குள்ளேயே இருக்கின்றன. பல இடங்களில் உட்காரத்தான் ஆள் இல்லை. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிப்படி அமையும் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர் என மூவர் இடம்பெற வேண்டும். அவர்கள் வெளிப்படையான முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். 2009 விதிப்படி ராகிங் தடுப்புக் குழுவில் முதலாண்டு மாணவருக்கும் சீனியருக்கும் இடம் உண்டு. 2023 விதிப்படியான மாணவர் குறைதீர் குழுவுக்கு ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். அந்தக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாக் (தேசிய மதிப்பீடு, தரச்சான்று அமைப்பு) தர மதிப்பீட்டுக்காக இயங்கும் உள்தர உறுதிப் பிரிவிலும் மாணவர் பிரதிநிதி இருக்க வேண்டும்.

கல்லூரி இணையதளத்தில் இந்தக் குழுக்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பே படிப்பை முடித்துப்போனவர் பெயர் அங்கே இன்னும் இருக்கலாம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணைத்து, “இந்த இடம் காலியாக உள்ளது, நிரப்பும் முறையைத் தெரிவிக்க வேண்டுகிறோம்” என்று முதல்வருக்கு வகுப்பிலிருந்து பத்துப் பேர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்க மறக்காதீர்கள். கோஷம் போடுவதைவிட இதற்குப் பதில் சீக்கிரம் வரும்.

ஹாஸ்டல் மாணவர், கோயம்புத்தூர்: மெஸ் கமிட்டியில் போட்டார்கள். சாப்பாடு சரியில்லை என்று எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

சாம்பாரைச் சுவைப்பதற்கு முன் ஸ்டோர் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு வேளைக்கு ஆளுக்குச் சுமார் 150 கிராம் அரிசி. 200 பேர் சாப்பிட்டால் 30 கிலோ. பதிவேட்டில் 42 கிலோ போயிருந்தால் ஒன்று வீணாகிறது, அல்லது வெளியே போகிறது. எதுவென்று அறிய, மூன்று நாள் தட்டுக் கழுவும் இடத்தில் மிச்சத்தை எடை போடுங்கள். மிச்சம் அதிகமென்றால் சிக்கல் மெனுவில் அல்லது வடிக்கும் பதத்தில். மிச்சம் குறைவு, பதிவு மட்டும் அதிகமென்றால் வார்டனிடம் எண்களோடு போங்கள், யாரையும் திருடன் என்று சொல்லாமல். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் வாரத்துக்கு எத்தனை தீர்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.

டிவைடிங் சிஸ்டம் என்றால் மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாளால் வகுக்கிறார்கள். செலவு 6,00,000, 200 பேர், 30 நாள், 6,000 சாப்பாட்டு நாள் என்றால் தினம் 100 ரூபாய். ஊருக்குப் போனவர்கள் அந்த நாள்களுக்குச் சாப்பாடு வேண்டாம் என்று ரிடக்‌ஷன் எழுதி நாள் 5,400 ஆகக் குறைந்தால் தினம் 111 ரூபாய். ஆட்கள் குறைந்ததை முன்கூட்டியே சமையலறைக்குச் சொல்லி வாங்கும் பொருளையும் குறைத்தால்தான் இந்த ஏற்றம் வராது. எனவே ரிடக்‌ஷன் நோட்டு இரண்டு நாள் முன்பே மூடப்பட வேண்டும். ‘சாப்பாடு சரியில்லை’ என்ற புகாரை ஏற்காதீர்கள். எந்த நாள், எந்த வேளை, எது, என்ன குறை என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் எழுதினால் குறைகளில் பாதி இரண்டு மூன்று பதார்த்தத்தில்தான் இருக்கும்; பெரும்பாலும் அதில் ஒன்று உப்புமா.

யூத் ரெட் கிராஸ் மாணவி, தஞ்சாவூர்: ரத்ததான முகாமுக்கு 100 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 100 யூனிட் வரும் என்று ரத்த வங்கியிடம் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலாண்டில் பலருக்கு இன்னும் ஆகியிருக்காது. எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. மாணவிகளில் பலர் இந்த இரண்டில் ஒன்றில்தான் நின்றுபோவார்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். புதிதாகப் பச்சை குத்தியவரும் மாதவிடாய் நாளில் இருப்பவரும் அன்று கொடுக்க முடியாது. இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்து மூன்று நாள் முன்பே வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டால், முகாம் வாசலில் எல்லோர் முன்னும் திருப்பி அனுப்பப்படும் சங்கடம் குறையும்.

அன்று காலை டிபன் சாப்பிட்டுத்தான் வர வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். மயக்கத்துக்கு வெறும் வயிறும் பயமும்தான் முக்கியக் காரணம். யாராவது சாய்ந்தால் கூட்டம் கூடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் போதும், டாக்டர் பார்த்துக்கொள்வார். கொடுத்த பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்கார்ந்து ஜூஸ் குடிக்காமல் யாரையும் பைக் எடுக்கவிடாதீர்கள்; வாசலில் இதற்கென்றே ஒரு வாலன்டியர் நிற்கட்டும்.

பி.காம். மாணவி, அரியலூர்: தமிழ் மீடியத்தில் படித்தவள். மைக் பிடித்து இங்கிலீஷில் பேசுகிறவர்களுக்குத்தான் பொறுப்பு கிடைக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

ட்ரெஷரர் வேலை இருக்கிறது. யாரும் போட்டிபோடாத, எல்லோருக்கும் தேவைப்படும் பதவி அதுதான், பி.காம். மாணவிக்குச் சொல்லவே வேண்டாம். அதுவும் வேண்டாமென்றால் பதிவு மேசை, விருந்தினர் வரவேற்பு, மேடைக்குப் பின்னால் அடுத்தவரைத் தயாராக நிறுத்தும் வேலை. மைக்கும் முடியாததில்லை. துறைக் கூட்டத்தில் நன்றியுரை கேட்டு வாங்குங்கள், தமிழில்தான். இரண்டே நிமிடம், பெயர்ப் பட்டியல்தான் உரை. பெயரும் பதவியும் பிழையில்லாமல் சொன்னாலே அடுத்த முறை உங்களையே கூப்பிடுவார்கள்.

எம்.பி.ஏ. மாணவர், திருச்சி: பொறுப்புகளை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?

ஐந்து பதவியை அடுக்காதீர்கள். ஒன்றை எண்ணோடு எழுதுங்கள். ‘சிம்போசியம் ஒருங்கிணைப்பாளர்’ என்று மட்டும் போட்டால் நேர்காணல் செய்பவர் கடந்துபோவார். ‘300 பங்கேற்பாளர், 60 வாலன்டியர், ஒரு லட்ச ரூபாய் வரவு செலவு, ஏழு நாளில் கணக்கு ஒப்படைப்பு’ என்றால் கேள்வி கேட்பார். அடுத்த கேள்வி பெரும்பாலும் “என்ன தப்பாப் போச்சு?” என்பதுதான். சாப்பாட்டு டோக்கனோ, தாமதமான தொடக்க விழாவோ, நடந்ததையும் அதை அன்றைக்கு எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தயாராகப் போங்கள். சான்றிதழின் அசல் வேண்டாம், நகல் போதும்.